மருந்து கொடுக்கும் கை: கொல்லிமலை, அன்றும் இன்றும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவற்றை எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். மலையில் பிறந்தவர்களுக்கு அது காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கும் அதற்கான மருந்துக்கும் இடையிலுள்ள தொலைவு. சாலை வருவதற்கு முன் அந்தத் தொலைவு ஒற்றையடிப் பாதையாக இருந்தது. நடக்க முடியாத நோயாளியை டோலி கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து இறக்கினார்கள். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் முடியாது.

வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது கொல்லிமலை. மக்கள்தொகை ஏறக்குறைய 40,000. பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். இங்கே மருத்துவத்தைப் பற்றிய கேள்வி எப்போதும் இரட்டையாகவே வந்திருக்கிறது. என்ன மருந்து என்பது ஒன்று; அதைக் கொடுக்க மேலே யார் இருக்கிறார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடை நூறாண்டில் முற்றிலும் மாறிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு, அதாவது மருத்துவர் அல்லாத ஒருவர், குறிப்பாகச் செவிலியர், மருந்தைத் தீர்மானிக்கலாமா என்பதற்கு, நாம் இன்னும் பாதி விடைதான் சொல்லியிருக்கிறோம்.

ஓராண்டுப் படிப்பும் ஒரு மலையும்

1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி சேந்தமங்கலம் பக்கமிருந்து மலையேறி வாழவந்தியில் குடியமர்ந்தார்கள். சமயப் பணிக்காக வந்தவர்கள். ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பநாட்டு நோய்கள் குறித்து ஓராண்டு படித்தவர். அந்த ஓராண்டுப் படிப்பை வைத்துக்கொண்டுதான் அவர் மலையில் மருத்துவம் பார்த்தார். பல் பிடுங்கினார். கட்டிகளைக் கீறினார். புண்களுக்குக் கட்டுப் போட்டார். நரம்புச் சிலந்திப் புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளியே தலைநீட்டும்போது, அறுந்துவிடாமல் அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுத்தார். 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் மலையையும் பிடித்தபோது, கொடுக்க மருந்து எதுவும் இல்லை. அரிசிக் கஞ்சி காய்ச்சி நோயாளிகளுக்கு ஊட்டினார்கள்.

அவர்கள் மலையேறிய மறு ஆண்டில், 1914-இல், சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. யார் மருத்துவர் என்பதற்கு அரசு ஒரு பதிவேடு வைத்தது. அந்தப் பதிவேட்டில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை நகரங்களில் இருந்தன. மலையிலோ, மருந்து கொடுக்கத் தகுதி இருக்கிறதா என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. மருந்து கொடுக்க ஓர் ஆள் இருந்ததே பெரிது. மலைமக்களின் தயக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. காய்ச்சலுக்குப் பூசாரியும், பிரசவத்துக்கு மருத்துவச்சியும், கைகால் வலிக்கு மூலிகை அறிந்த பெரியவரும் ஏற்கெனவே இருந்தார்கள். புதிதாக வந்த வெள்ளைக்காரர் கையிலிருந்த மருந்தை வாங்குவதற்குத் தங்கள் தெய்வத்தின் கோபத்தையும் பூசாரியின் கோபத்தையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அன்றைய மனநிலையைச் சுருக்கமாகச் சொன்னால், அச்சம் மருந்தின் மேல் இருந்தது. அதைக் கொடுப்பவர் என்ன படித்திருக்கிறார் என்ற கேள்வி எழவே இல்லை.

ஜெஸ்ஸி 1929-இல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் பல ஆண்டுகள் கழித்து, தன்னை அனுப்பிய மிஷன் சபையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தன் விருப்பத்தில் மலைக்கே திரும்பினார். மட்டக் குதிரையில் ஏறிக் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று போய் மருந்து கொடுத்தார். 1974-இல் 95 வயதில் இறந்த அவரும் மருத்துவர் அல்லர். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து இம்மலையில் வளர்ந்தவர். லண்டனில் முறையாக மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்து உலகப் புகழ் பெற்றார். ஒரே குடும்பத்தில் ஓராண்டு படித்த தந்தை மலையில் நின்றார். முழுப் படிப்பு படித்த மகன் சமவெளியின் பெரிய மருத்துவமனையில் நின்றார். இருவரும் தத்தம் இடத்தில் தேவைப்பட்டவர்கள். ஆனால் அடுத்து வந்த காலம் இரண்டாமவரை மட்டுமே மருத்துவர் என்று ஏற்றது.

1946: ஒரு கதவு மூடியது, ஒன்று திறந்தது

மலைக்கு வெளியே அதுவரை ஒரு நடுவழி இருந்தது. எல்.எம்.பி. என்று அழைக்கப்பட்ட, குறுகிய காலப் படிப்பு முடித்த மருத்துவர்கள். அவர்களைக் கிராமங்களில் குடியமர்த்த 1920-களில் சென்னை மாகாண அரசு மானியமும் கொடுத்தது. சிறு நகரங்களில் பழைய தலைமுறை ‘டாக்டரய்யா’ என்று நினைவுகூரும் மருத்துவர்களில் பலர் இந்த எல்.எம்.பி.க்கள்தான்.

1946-இல் வெளிவந்த போர் (Bhore) குழுவின் சுகாதார ஆய்வறிக்கை நாட்டின் நிலையைக் கணக்கிட்டது: 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர். இவ்வளவு பற்றாக்குறையிலும், இனி நாட்டுக்கு ஒரே தரத்தில் முழுப் பட்டம் பெற்ற மருத்துவர்தான் வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மை முடிவு செய்தது. மறுப்புக் குறிப்பு எழுதியவர்களும் குழுவில் இருந்தார்கள், கிராமத்துக்கு எல்.எம்.பி. போன்றவர்கள் தேவைப்படுவார்கள் என்பது அவர்கள் வாதம். அது எடுபடவில்லை. எல்.எம்.பி. படிப்பு மெல்ல மறைந்தது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே தர மருத்துவம் என்ற அந்த நோக்கம் உயர்ந்தது. அதை இன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் முழுப் பட்டம் பெற்றவர் மலையேறி வந்து தங்கும்வரை அங்கே யார் இருப்பார் என்பதற்கு அறிக்கையின் கணக்கில் இடம் போதவில்லை.

அதே 1946-இல் வேலூரில் பி.எஸ்சி. செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது; நாட்டில் அந்தப் படிப்பு முதலில் வந்த இடங்களில் வேலூரும் ஒன்று. செவிலியர் என்பவர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெறும் நிலைக்கு உயர்ந்தார். சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம் 1926-லேயே அவர்களுக்குப் பதிவேடு வைத்திருந்தது. ஆனால் மருந்து விஷயத்தில் அவர் இடம் மாறவில்லை. மருத்துவர் எழுதியதைக் கொடுப்பது, கொடுத்ததைக் குறிப்பது, நோயாளியைக் கவனிப்பது. தீர்மானம் ஒருவருடையது, செயல் இன்னொருவருடையது என்ற பிரிவினை மருத்துவமனை வார்டில் பொருந்தியது. தீர்மானிக்கிறவர் மலைக்குக் கீழே இருந்தபோது அது பொருந்தவில்லை.

ஏ பெட்டியும் பி பெட்டியும்

சுதந்திரத்துக்குப் பின் மலைக்கு வந்த அரசு மருத்துவத்தின் முகம் பெரும்பாலும் பெண் முகம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். மக்கள் அவரை நர்சம்மா என்றார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்ப நலம், பிரசவம் என்று எழுத்தில் இருந்த வேலைகள் பல. எழுத்தில் இல்லாத வேலை ஒன்றும் இருந்தது: ராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வருவது.

1990-களில் தாய்சேய் நலத் திட்டத்தில் துணை சுகாதார நிலையங்களுக்கு இரண்டு மருந்துப் பெட்டிகள் வந்தன. ஏ பெட்டியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், இரும்புச் சத்து மாத்திரை, வைட்டமின் ஏ திரவம், குழந்தைகளின் நிமோனியாவுக்குக் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. பி பெட்டியில் பாரசிட்டமால், குடற்புழு மாத்திரை, கண் களிம்பு, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. இவற்றைப் பார்த்தால் ஒன்று புரியும். மூச்சுத் திணறும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி, எண்ணிக்கை இவ்வளவுக்கு மேல் போனால் கோட்ரைமாக்சசோல் கொடு என்று சொல்லிக்கொடுத்தபோது, நோயைக் கண்டறிந்து எதிருயிரி மருந்து தொடங்கும் வேலையை அரசு செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டது.

சட்டமும் இதற்கு ஒரு சந்து விட்டிருந்தது. மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் விதிகளின் ‘கே’ அட்டவணை, அரசுத் திட்டங்களின் கீழ் துணை சுகாதார நிலையச் செவிலியர்கள் வழங்கும் மருந்துகளுக்கு விற்பனை உரிமம் தேவையில்லை என்று விலக்களிக்கிறது. அவர் மருந்தை வழங்கலாம். மருந்துச் சீட்டு எழுதும் உரிமையைப் பற்றி அந்த அட்டவணை பேசவில்லை.

இந்தச் சந்து மெல்ல அகன்றது. பிரசவத்தில் தாய் இறப்பதற்கான பெரிய காரணங்கள் ரத்தப்போக்கு, வலிப்பு, தொற்று. மூன்றுக்கும் மருந்து உண்டு. மூன்றிலும் நேரம்தான் உயிர். 2005-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவர் இல்லாத இடத்தில் கிராமச் செவிலியரே ரத்தப்போக்குக்கான ஊசியையும், வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட்டின் முதல் தவணையையும், தொற்றுக்கு எதிருயிரி மருந்தின் முதல் தவணையையும் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றது. 2014-இல், ரத்தத்தில் தொற்று ஏறிய பச்சிளங் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் ஜென்டாமைசின் ஊசி போடவும் அனுமதி வந்தது.

இந்த 2014 அனுமதிக்குப் பின்னால் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி இருக்கிறது. அதுவும் பழங்குடி மாவட்டம். மருத்துவர்கள் அபய் பாங்கும் ராணி பாங்கும் 1990-களில் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே சிசுவைப் பரிசோதித்து, தேவையானால் எதிருயிரி ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாண்டில் அக்கிராமங்களில் பச்சிளங் குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்க்கையில் 62 விழுக்காடு குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போடுவது மருத்துவர் வேலை என்று நம்பியவர்களுக்கு அந்த எண் சங்கடமானது.

இன்று

இன்று செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2008-இல் தமிழகத்துக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் இந்த வளைவுகளிலும் ஏறி இறங்குகிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே அரசு முத்திரையிட்ட மாத்திரை அட்டைகள் சென்னையில் கிடைப்பது போலவே மலையிலும் கிடைக்கின்றன. தமிழகத்தில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 2001–03-இல் 134 ஆக இருந்தது, 2018–20-இல் 54. 1990-களின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு குழந்தை வீட்டில் பிறந்தது; இப்போது 100-க்கு 99-க்கும் மேல் மருத்துவமனையில் பிறக்கின்றன. மருத்துவச்சியின் கை ஓய்ந்துவிட்டது.

நோயும் மாறிவிட்டது. நரம்புச் சிலந்திப் புழு நாட்டிலேயே இல்லை. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதை ஒழித்தது மாத்திரையன்று, வடிகட்டிய நீரும் படியிறங்காத கிணறும். சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியது. கூழ் குடித்த வீடுகளில் ரேஷன் அரிசிச் சோறு வந்தது. கீழே இருப்பவர்களுக்கு வரும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இப்போது மேலே இருப்பவர்களுக்கும் வருகின்றன. அன்று மருந்து என்றால் காய்ச்சல் விடும்வரை. இன்று மருந்து என்றால் ஆயுள்வரை.

இந்த மாற்றம்தான் செவிலியரின் இடத்தையும் மாற்றியது. 2018-இல் நாடெங்கும் துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக்கும் திட்டம் தொடங்கியது. செவிலியப் படிப்போடு சமுதாய சுகாதாரப் பயிற்சியும் பெற்ற ஒருவர் அங்கே அமர்த்தப்படுகிறார். தமிழகத்தில் அவருக்கு இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று பெயர். 2021-இல் 4,848 இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை மாதந்தோறும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. இரண்டு பெட்டியில் அடங்கிய துணை சுகாதார நிலைய மருந்துகள், 2022-ஆம் ஆண்டின் தேசியத் தரக் குறியீட்டின்படி நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாக இருக்க வேண்டும். தொலைபேசித் திரையில் மருத்துவரைப் பார்த்துப் பேச இ-சஞ்சீவனி இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்டின் மருந்துப் பெட்டியோடு ஒப்பிட்டால் இது இன்னோர் உலகம்.

ஆனால் சீட்டில் இருக்கும் பெயர் மாறவில்லை. ஓர் எடுத்துக்காட்டு போதும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடும் ஒரு பாட்டிக்கு மூன்று மாதமாக அழுத்தம் 160-க்குக் கீழே இறங்கவில்லை. அடுத்த படி என்ன என்று அரசின் சிகிச்சை நெறிமுறையில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது: அளவைக் கூட்டு, அல்லது இரண்டாவது மாத்திரையைச் சேர். அழுத்தத்தை அளந்தவர் செவிலியர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, உப்பைக் குறைத்தாரா என்று வீட்டு நிலவரம் அறிந்தவர் அவர். நெறிமுறையைப் படித்தவரும் அவர். ஆனால் படி ஏற்றும் முடிவு மருத்துவருடையது. சிக்னல் இருந்தால் திரையில் கேட்கலாம். இல்லையென்றால் பாட்டி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். பாட்டி பெரும்பாலும் போவதில்லை. பழைய அளவு மாத்திரையே இன்னொரு மாதமும் தொடரும்.

மூன்று மனநிலைகள்

மருத்துவர்களின் எதிர்ப்பு வெளிப்படையானது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோது அதன் 32-ஆவது பிரிவு, சமுதாய சுகாதார வழங்குநர் என்ற பிரிவினருக்கு வரையறுத்த உரிமம் தரலாம் என்றது. ஆரம்ப நிலை, தடுப்பு நிலைச் சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளை மட்டும் அவர்கள் சுயமாக எழுதலாம். மற்றவற்றுக்கு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். அவர்கள் எண்ணிக்கை மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஜூலை 31 அன்று இந்திய மருத்துவச் சங்கத்தின் அழைப்பில் நாடெங்கும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலி மருத்துவத்தைச் சட்டமாக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சட்டம் நிறைவேறியது. ஆனால் அந்தப் பிரிவின்படி உரிமம் பெற்றுச் சீட்டு எழுதும் செவிலியர் வரிசை ஒன்று தமிழகத்தில் உருவாகவில்லை.

அந்த எதிர்ப்பைத் தொழில் பொறாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. எதிருயிரி மருந்துகள் இப்போதே அளவில்லாமல் விழுங்கப்படுகின்றன. எழுதும் கைகள் கூடினால் அது கூடும் என்ற அச்சம் உண்மையானது. பணக்காரருக்கு மருத்துவர், மலைவாசிக்கு நர்ஸா என்ற கேள்வி அதைவிடக் கூர்மையானது. போர் குழுவின் பெரும்பான்மை கேட்ட அதே கேள்வி. சத்தீஸ்கரில் 2010-இல் நடந்த ஆய்வும் ஓர் எச்சரிக்கை. அங்கே மூன்றாண்டுப் படிப்பு முடித்த கிராம மருத்துவ உதவியாளர்கள், ஆரம்ப சுகாதாரத்தில் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு இணையான திறன் காட்டினார்கள். இதற்கென்று பயிற்சி பெறாமல் மருத்துவர் இல்லாத நிலையங்களில் சிகிச்சை பார்க்க நேர்ந்த செவிலியர்களும் மருந்தாளுநர்களும் பின்தங்கினார்கள். படிப்பைக் கொடுக்காமல் அதிகாரத்தை மட்டும் கொடுப்பது அவர்களுக்கும் அநீதி, நோயாளிக்கும் அநீதி.

செவிலியர்களின் மனநிலை இவ்வளவு வெளிச்சத்துக்கு வருவதில்லை. எங்களால் முடியும் என்ற தன்னம்பிக்கை ஒரு பக்கம். ஏதாவது தவறானால் யார் துணை நிற்பார்கள் என்ற பயம் மறுபக்கம். இடைநிலைப் பணியாளர்கள் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். பதிவேடுகளும் செயலிகளும் அவர்கள் நாளில் பாதியை எடுத்துக்கொள்கின்றன. வேலை நிரந்தரமில்லாதவரிடம் நிரந்தரப் பொறுப்பை மட்டும் கொடுப்பதை அவர்கள் தயக்கத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

மக்களின் மனநிலைதான் அதிகம் மாறியது. மருந்தைக் கண்டு அஞ்சிய தலைமுறைக்குப் பின் ஊசியைக் கேட்டு வாங்கும் தலைமுறை வந்துவிட்டது. மாத்திரை மட்டும் கொடுத்தால் ஊசி போடவில்லையா என்று கேட்கிறார்கள். சின்ன நோய்க்கு நர்சம்மாவே போதும் என்பவர்கள், கொஞ்சம் பெரிதானால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதில் தவறில்லை. எந்த நோய் சின்னது, எது பெரியது என்று முதலில் சொல்கிறவர் யார் என்று கேட்டால், அதுவும் அந்த நர்சம்மாதான்.

வெளியுலகம் எடுத்த முடிவு

பிரிட்டனில் 1986-இல் வெளிவந்த கம்பர்லிஜ் அறிக்கை ஓர் எளிய உண்மையைச் சொன்னது. வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் என்ன மருந்து வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்துவிட்டு, மருத்துவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்து நேரத்தை வீணாக்குகிறார்கள் என்றது. 1992-இல் சட்டம் வந்தது. 1994-இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கினார்கள்; முதலில் கட்டுப்போடும் பொருட்கள், மலச்சிக்கல் மருந்து போன்ற சிறு பட்டியல். 2006-இல், தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதலாம் என்றானது. இருபது ஆண்டுகள், படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் பயிற்சியோடு. 2016-இல் காக்ரேன் அமைப்பு 46 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதில், உரிய பயிற்சியும் ஆதரவும் பெற்ற செவிலியர், மருந்தாளுநர் எழுதிய சீட்டுகள் மருத்துவர் எழுதியவற்றுக்குக் குறைந்தவை அல்ல என்று கண்டது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலையில் இன்று பெருகிவரும் நோய்களும் அவைதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெற்றதும் இழந்ததும்

கொல்லிமலை பெற்றவை கண்ணுக்குத் தெரிகின்றன. தரமான மருந்து, படித்த கை, பதிவேட்டில் ஒவ்வொரு தாயின் பெயர், அழைத்தால் வரும் வண்டி. அன்று இறந்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான குழந்தைகள் இன்று வளர்ந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். இதற்கு ஈடாக அன்றைய நாட்களை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது.

இழந்தவை இரண்டு. ஒன்று, மலையின் சொந்த அறிவு. எந்த வேர் எந்த வலிக்கு என்று அறிந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கற்கவில்லை. மூட்டுவலிக்குப் பக்குவம் பார்த்துக் கொடுத்த முடவாட்டுக்கால் கிழங்கு இன்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சூப்பாக விற்கிறது. இன்னொன்று, தங்கியிருத்தல். ஓராண்டுப் படிப்போடு வந்த ஜெஸ்ஸி பதினாறு ஆண்டுகள் மலையில் இருந்து மலையிலேயே இறந்தார். மலைக்குத் திரும்பிய ஈவ்லின் முதுமையிலும் அதை விட்டுப் போகவில்லை. அவர்களுக்குத் தெரிந்த மருத்துவம் மிகக் குறைவு. ஆனால் நோயாளிக்கு அவர்களைத் தெரியும். இன்று நம்மிடம் மருத்துவம் மிகுதி. ஒப்பந்தம் முடிந்தாலோ மாறுதல் வந்தாலோ மலையிறங்கிவிடும் பணியாளரிடம், நிலைத்து நில் என்று சொல்ல நம்மிடம் காரணம் இல்லை.

செவிலியர் மருந்து எழுதலாமா என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். கொல்லிமலையில் மருத்துவர் அல்லாதவர் மருந்து கொடுக்காத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பூசாரியும் மருத்துவச்சியும் கொடுத்தார்கள், பிராண்ட் தம்பதி கொடுத்தார்கள், ஏ பெட்டியைத் திறந்து கிராமச் செவிலியர் கொடுத்தார், இன்று நெறிமுறைத் தாளைப் பார்த்து இடைநிலைப் பணியாளர் கொடுக்கிறார். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு, கொடுப்பவர் அன்று தனியாக இருந்தார், இன்று அவருக்குப் பின்னால் ஓர் அரசும் ஒரு மருத்துவ முறையும் இருக்கின்றன என்பதுதான். அப்படியிருக்க, அவர் செய்யும் தீர்மானத்தை இன்னொருவர் பெயரில் எழுத வைப்பது யாரையும் பாதுகாக்கவில்லை. தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்பதை மங்கலாக்குகிறது. சரியாக நடந்தால் பெருமை யாருடையது என்பதையும் மறைக்கிறது.

வேண்டியது பெரிய புரட்சி அல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தைகளின் நிமோனியா, பிரசவ அவசரம் என்று எல்லை கட்டிய ஒரு பட்டியல். அந்தப் பட்டியலுக்குப் போதுமான படிப்பு, ஆண்டுதோறும் மறுபயிற்சி. எந்த இடத்தில் நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்ற தெளிவு, கூப்பிட்டால் பேசும் மருத்துவர். எதிருயிரி மருந்து எவ்வளவு போகிறது என்ற கணக்கு. இவை இருந்தால் மருத்துவர்களின் அச்சத்துக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். மருத்துவருக்கு மாற்றாகச் செவிலியர் என்று இதைப் பார்க்க வேண்டியதில்லை. மலையேறி வரும் மருத்துவர்கள் கூட வேண்டும், அவர்களுக்குக் கடினமான நோயாளிகளைப் பார்க்க நேரமும் மிஞ்ச வேண்டும்.

மலையில் அந்தப் பொறுப்பைச் செவிலியர் ஏற்கெனவே சுமக்கிறார். அதற்குரிய படிப்பையும், நிரந்தர வேலையையும், தன் பெயரில் கையெழுத்திடும் உரிமையையும் எழுத்தில் தருவது மட்டும்தான் நாம் இன்னும் செய்யாமல் வைத்திருக்கும் வேலை.